பிரிவுப்படி

“ஏக்கமா? அதுக்குத்தான் மாசாமாசம் படி வாங்குறேனே! காசையும் வாங்கிட்டு ஏங்கவும் செஞ்சா அது ரெட்டை வசூல். அரசாங்கத்தை ஏமாத்துற பழக்கம் நம்ம பரம்பரையிலயே கிடையாது.”

எல்லைச் சாவடியின் குறுக்குக் கம்பத்தில் முழங்கையை ஊன்றியபடி ஏட்டு இதை முழங்கியபோது, புதிதாகச் சேர்ந்த காவலர்களுக்கு மெய்சிலிர்த்தது. குடும்பத்தைப் பிரிந்திருப்பதற்கென்றே ஒரு தொகை உண்டு. அதன் பெயர் பிரிவுப்படி. அது போக பஞ்சப்படி, பயணப்படி, சீருடைப்படி, குளிர்ப்படி என்று அவர் ஏறாத படி இல்லை. சாவடியில் அவருக்குப் பெயரே ‘படிக்கட்டு’. சம்பளச் சீட்டை மற்றவர்கள் கூட்டிப் பார்ப்பார்கள். இவர் ராகம் போட்டு வாசிப்பார்.

காவலர் அங்காடியில் சலுகை விலைக்குக் கிடைக்கும் எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. கட்டிலுக்கு அடியில் பிரிக்காத குக்கர், மிக்ஸி, இரண்டு இஸ்திரிப் பெட்டிகள், விருந்தாளிகளுக்கான தட்டுகள். குடும்பம் நடத்தத் தேவையான சகலமும் அந்த அறையில் இருக்கின்றன, குடும்பம் நீங்கலாக.

சோதனையில் மகா கண்டிப்பு. சரக்கு லாரிகளைச் சட்டென்று விட்டுவிடுவார். குடும்பத்தோடு வரும் கார் என்றால்தான் விசாரணை நீளும். “டிபன் யார் கட்டுனது?” “பாப்பா ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு?” எல்லைப் பாதுகாப்புக்கு இவை எவ்வளவு முக்கியம் என்பது மேலதிகாரிகளுக்கே இன்னும் விளங்கவில்லை.

போன வாரம் ஒரு தம்பதி சண்டை போட்டுக்கொண்டே வந்து நின்றார்கள். வீட்டைப் பூட்டினோமா இல்லையா என்பது வழக்கு. சோதனை முடிந்து, கம்பத்தையும் தூக்கியாகிவிட்டது.

“போகலாமா சார்?” என்றார் கணவர்.

“என்ன அவசரம்? அந்தம்மா பேசி முடிக்கட்டும்” என்றார் ஏட்டு.

அன்று மாலையே அலுவலக எழுத்தர் வந்தார். விருப்பம் கேட்கும் நேரம்: இங்கேயே நீடிக்கலாம், அல்லது ஊருக்கு மாற்றல் வாங்கலாம். ஊருக்குப் போனால் பிரிவுப்படியும் குளிர்ப்படியும் போய்விடும். அந்தப் படிகளில் ஏறித்தான் மகள் நர்சிங் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். மனைவியின் கட்சி வேறு. “எல்லாப் படியும் வாங்குறீங்க. வீட்டுப் படி ஒண்ணத்தான் மிதிக்கக் காணோம்” என்று போன விடுமுறையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“என்னப்பா படிக்கட்டு, இந்தத் தடவையாவது எறங்குறியா?” என்றார் எழுத்தர்.

ஏட்டு தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டார். “இருக்கேன்னு எழுதிக்க.”

எழுத்தர் தலை மறைந்ததும் போனை எடுத்தார். “நான்தான்... ஒண்ணுமில்ல. இருக்கேன்னு சொல்லிட்டேன்.” போனை மறு காதுக்கு மாற்றினார். “ஏய், இப்படிப் பேசாம இருக்காத. ஏதாவது திட்டேன்.”

மறுமுனையில் திட்டு ஆரம்பித்தது. சோதனை முடிந்த சரக்கு லாரி ஒன்று கம்பத்துக்கு முன்னால் நின்று ஹாரன் அடித்தது. ஏட்டு போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, திரும்பிப் பாராமல், பொறு என்று கையைக் காட்டினார்.