ராசாத்தியின் சூட்டு விளக்கு

நான் ஓர் உயிரை உயிரோடு புதைத்தேன்.

இதை என் கணவரிடம் சொல்லவில்லை. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவளிடமும் சொல்லவில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். கேட்டுவிட்டு என்னை மன்னிக்க வேண்டாம்... கேட்டால் போதும்.

பாரிஸில் பல வருடங்கள் தனியே வாழ்ந்துவிட்டு, நாற்பத்து மூன்றாவது வயதில் இரண்டாந்தாரமாக லண்டனுக்கு வந்தவள் நான். நகரின் தெற்கே சட்டன் பகுதியில் வீடு. வீட்டில் கணவர், அவருடைய மகள் மயூரி, மயூரியின் ஆமை. அவளுக்கு அப்போது பதினைந்து வயது. அவளைப் பெற்றவள் நோயில் படுத்திருந்த கடைசி மாதங்களில் வாங்கிக் கொடுத்த நில ஆமைக் குஞ்சு அது. உள்ளங்கைக்குள் அடங்கும். மகளைச் செல்லமாக அழைத்த பெயரையே அந்தத் தாய் அதற்கும் வைத்திருந்தாள்: ராசாத்தி.

மயூரியின் அறையில், கால் வைத்த பெரிய மரப்பெட்டி ஒன்று. மேலே திறந்திருக்கும். உள்ளே மண் பரப்பி, ஒளிந்துகொள்ள ஒரு மூலையில் உடைந்த பூச்சட்டி, மறு மூலையில் தட்டையான கல். கல்லுக்கு நேர் மேலே சூட்டு விளக்கு. எழுந்ததும் அவள் அந்த விளக்கைத்தான் முதலில் போடுவாள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஆமையை உட்கார வைப்பாள். தோட்டத்தில் டான்டலியன் இலை பறித்து, அதன் மேல் சுண்ணாம்புச் சத்துக்காகக் கணவாய் மீனின் ஓட்டைச் சுரண்டித் தூவுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆமையைத் தராசில் நிறுத்து, எடையைக் கொப்பியில் எழுதுவாள்.

என்னை அவள் 'ஆன்ரி' என்று அழைத்தாள். ஒருநாளும் மரியாதை குறைந்ததில்லை. எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுவாள். கதவைச் சாத்திக்கொண்டு ஆமையோடு பேசும்போது மட்டும் தமிழ்! "அம்மா, இண்டைக்கு எனக்குச் சோதினை," என்பாள். உடுப்புக் கூடையோடு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். இடையிடையே நிறுத்துவாள்... யாரோ பதில் சொல்வதற்கு நேரம் கொடுப்பதுபோல.

தாயை இழந்த பிள்ளையின் துயரத்தைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேனா? ஆம். பட்டேன்.

அந்த டிசம்பரில் மயூரி இரண்டு கிழமைக்கு டொரோண்டோவிலுள்ள பெரியம்மா வீட்டுக்குப் போனாள். செய்ய வேண்டியதையெல்லாம் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். வாசலில் வைத்து, "ஆன்ரி, லைட்டை மட்டும் மறக்காதேங்கோ," என்றாள். என்னோடு அவள் பேசிய முதல் தமிழ் அதுதான்.

முதலிரண்டு நாள் எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். ஆனால் அந்த அறை... எப்படிச் சொல்வேன்? வீடு முழுவதும் குளிர்ந்து கிடக்க, அந்த அறை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது, சற்று முன்புதான் ஒருவர் எழுந்து போன நாற்காலியைப் போல. நான் நீட்டிய இலையை ஆமை தொடவில்லை. கழுத்தை நீட்டி என்னையே பார்த்தது. பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தது. நானும் திரும்பினேன். சாத்திய கதவைத் தவிர அங்கே ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் விளக்கை அணைத்தேன். அறைக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லி ஜன்னலையும் திறந்துவிட்டேன். வெளியே உறைபனி. ஒருநாள்தானே என்று நினைத்தேன். அந்த ஒருநாள் நான்கு நாளாகிவிட்டது. மறந்துபோனேன் என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். ஒவ்வொரு காலையும் அந்தக் கதவைக் கடந்துதான் படியிறங்கினேன்.

பிறகு உள்ளே போனபோது அது கல்லின்மேல் கிடந்தது. தொட்டேன், கல்லைவிடக் குளிர்ந்திருந்தது. காலை இழுத்தால் விறைப்பு. கண்கள் மூடியிருந்தன. செத்துவிட்டது என்று நினைத்தேன். சமையல் துண்டில் சுற்றி, நரி தோண்டாமலிருக்க பிஸ்கட் தகரப்பெட்டியில் வைத்து, வேலியோரம் ஆழமாகப் புதைத்தேன்.

லண்டனின் வடக்கேயுள்ள எட்மண்டனில் ஆமை வளர்க்கும் ஒரு வெள்ளைக்காரக் கிழவரைத் தேடிப் பிடித்தேன். கைபேசியில் இருந்த படத்தோடு ஓட்டின் கோடுகளை ஒப்பிட்டு, ஏறக்குறைய அதே போன்ற குஞ்சொன்றை வாங்கினேன். அவர் தந்த விற்பனைப் பத்திரத்தைக் கிழித்து ஸ்டேஷன் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

மயூரி வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் அதைத் தூக்கினாள். ஓட்டை நெடுநேரம் பார்த்தாள். தராசில் வைத்தாள். ஏழு கிராம் கூடியிருந்தது. கொப்பியில் எழுதிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

"நீங்கள் அதை ஒழுங்காப் பாக்கமாட்டியள் எண்டு நினைச்சன். சொரி... அம்மா."

அம்மா! எவ்வளவு காலம் காத்திருந்த சொல்... அதை நான் இப்படியா வாங்க வேண்டும்?

புதிய ராசாத்தி கல்லின்மேல் அதிகம் கிடப்பதில்லை. பெட்டியின் ஒரே மூலைக்குப் போய், இரண்டு முன்னங்கால்களாலும் பலகையைச் சுரண்டிக்கொண்டிருக்கும். முந்தி இப்படிச் செய்யாது, பயணம் போனதற்குக் கோபம் போலிருக்கிறது என்று மயூரி சிரித்தாள். அந்த மூலை தோட்டத்து வேலிப் பக்கம் இருந்ததை நான் மட்டும் கவனித்தேன். ஒருநாள் பெட்டியைத் திருப்பி வைத்தேன். அது மெல்ல நடந்து, வேலிப் பக்கமாக இப்போது வந்திருந்த மூலையை அடைந்து, மறுபடி சுரண்டத் தொடங்கியது.

ஏப்ரலில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். நகம் பார்த்த தாதி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: குளிரில் ஆமைகள் பிணம்போல விறைத்துவிடும், மூச்சுக்கூடத் தெரியாது. செத்துவிட்டதென்று சிலர் புதைத்தும் விடுகிறார்கள். மெல்லச் சூடுகாட்டினால் எழும்பிவிடும்.

மயூரி என் கையைப் பிடித்தாள். "பாவம் எல்லே அம்மா?"

"ஓம்," என்றேன்.

மறுநாள் அவள் பள்ளிக்கும் கணவர் வேலைக்கும் போனபின் மண்வெட்டியோடு வேலியோரம் போனேன். ஏன் போனேன்? செத்துத்தான் கிடந்தது என்று உறுதி செய்துகொள்ளத்தான். அது என்னைக் காப்பாற்றிவிடும் என்று நம்பினேன்.

தகரப்பெட்டியைத் தோண்டியெடுத்து மூடியைத் திறந்தேன். நான் இறுக்கிச் சுற்றியிருந்த துண்டு நார்நாராகக் கிழிந்து கிடந்தது. ராசாத்தி அதற்குள் இல்லை. பெட்டியின் மூலையில் மூக்கு அழுந்தக் கிடந்தது, இப்போது உண்மையாகவே செத்து. அந்த மூலைத் தகரத்தில் மெல்லிய கோடுகள்... ஒன்றின்மேல் ஒன்றாக, எண்ண முடியாத அளவுக்கு.

எத்தனை நாள் சுரண்டியது? அதே வேளையில் நான் குசினியில் நின்று, மயூரி 'அம்மா' என்று கூப்பிடக் கூப்பிட, தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேனா?

மூடியை மூடி, திரும்பவும் மண்ணைத் தள்ளினேன். கோடையில் கணவர் அந்த இடத்தில் கொங்கிரீட் போட்டுக் கொட்டில் கட்டினார். நான் தடுக்கவில்லை.

மூன்று வருடங்கள் போய்விட்டன. போன செப்டெம்பரில் மயூரி பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டாள். விடுதியில் ஆமைக்கு இடமில்லை. கணவருக்கு ஷிப்ட், நான்தான் அவளைக் காரில் கொண்டுபோய் விட்டேன்.

"உங்களைத் தவிர வேற ஆரையும் நம்பி அதை விட ஏலாது," என்றாள். "அது அம்மா தந்தது எல்லே... உங்களுக்குத் தெரியும்தானே, அம்மா."

மோட்டார்வேயில் மழை. இப்போது சொல்லிவிடு, கண்ணைப் பார்க்கத் தேவையில்லை, வீதியைப் பார்த்தபடியே சொல்லலாம் என்று நினைத்தேன்.

"மயூரி, உனக்கு ஒண்டு சொல்லவேணும்."

"என்னம்மா?"

துடைப்பான் மூன்று நான்கு தடவை கண்ணாடியில் போய்வந்தது.

"சீற் பெல்ற்றைப் போடு," என்றேன்.

அவள் ஏற்கெனவே போட்டிருந்தாள்.