ஆயில் துடைத்த துணி

இருங்காட்டுக்கோட்டையில் ஷாக் அப்சார்பர் செய்யும் கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. ஆயில் கசிகிறதா என்று பார்த்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் எட்டு வருடப் பிழைப்பு. அப்பேர்ப்பட்டவன் பைக்கிலேயே முன்பக்க ஷாக் அப்சார்பரான ஃபோர்க்கில் ஆயில் கசிந்தால் மானம் போகாதா? மெக்கானிக்கிடம் விடச் சொன்னாள் என் மனைவி. "எனக்கே மெக்கானிக்கா?" என்று எகிறினேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் உட்கார்ந்தேன். முன்சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க் குழாய் இரண்டையும் உருவி, கிழிந்த ரப்பர் சீல்களைத் தோண்டி எடுத்தேன். புது சீலை பிவிசி பைப் துண்டால் தட்டி இறக்கினால் கோணலாகப் போய்த் தொலைந்தது. திட்டிக்கொண்டே மறுபடி தட்டினேன். ஆயில் ஊற்றி, எல்லாவற்றையும் மாட்டி முடிக்க எட்டு மணி ஆகிவிட்டது.

ஞாயிறானாலும் அன்றைக்கு என் மனைவிக்கு ஒரகடம் கம்பெனியில் ஓ.டி. வேலை. கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டுத் திரும்ப ஓடி வந்தாள்.

"வண்டி ரெடியா?"

"சூப்பரா கீது. எடுத்துக்கினு போ."

அவள் கிளம்பிய பிறகு ஸ்பேனர்களைத் துடைக்கத் துணியை எடுத்தேன். சொதசொதவென்று ஃபோர்க் ஆயில். கடைசியில் முன்சக்கர பிரேக் டிஸ்க்கைப் பளபளவென்று துடைத்ததும் இதே துணியால்தான். அடப்பாவி! ஆயில் பட்ட டிஸ்க்கில் பிரேக் எப்படிப் பிடிக்கும்? அவள் ஸ்கூட்டரில் பழகியவள். அவசரத்தில் கைதான் முன் பிரேக்குக்குப் போகும், கால் பின் பிரேக்கை மிதிக்காது. வல்லக்கோட்டை ரோடு முழுக்கக் கன்டெய்னர் லாரிகள் வேறு.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு ஸ்கூட்டரில் சாவி தொங்கியது. கேட்கக்கூட இல்லை, எடுத்துக்கொண்டு பறந்தேன். வல்லக்கோட்டை தாண்டி ரோட்டோரம் ஒரு கூட்டம். வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். இளநீர் வாங்க நின்றவர்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரகடத்தில் அவள் கம்பெனி கேட். செக்யூரிட்டி கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். "இன்னும் பன்ச் ஆகலை சார்."

வழியில் அவளும் இல்லை, வண்டியும் இல்லை. இங்கேயும் வந்து சேரவில்லை. முருகா என்று வாய்விட்டே கூப்பிட்டேன். மறுபடி போன் அடிக்கப் போனேன்.

ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து அவள் இறங்கினாள்.

"நீ இன்னா இங்க?"

"வண்டி எங்க?"

"நம்ம தெரு முனையில, தண்ணி கேன் கடைக்குப் பின்னாண்ட நிக்குது. எங்க லைன்ல மொதல் பீஸ செக் பண்ணாம மெஷின ஓட்ட மாட்டோம். அதான் மெயின் ரோடு ஏறதுக்கு முன்னாடி பிரேக் புடிச்சுப் பாத்தேன். நிக்கவே இல்ல."

போன உயிர் திரும்பியது. கூடவே கோபமும் திரும்பியது. "ஒரு போன் பண்ணக் கூடாதா? செத்துப்பூட்டேன்டி!"

"பண்ணாலும், நீ பண்ணத எடுத்தாலும் இன்னா சொல்லுவ? உனக்கு பிரேக் புடிக்கத் தெரியலன்னு கத்துவ. பேசாம எடுத்துக்கினு போன்னுவ. உன் கத்தலுக்குப் பயந்து நானும் போயிருப்பேன்."

பன்ச் அடிக்க நேரமாகிறதென்று உள்ளே போய்விட்டாள். சத்தியமாக அதைத்தான் சொல்லியிருப்பேன்.