அவித்த மல்லாட்டையும் அறிவிப்புப் பலகையும்

கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் இரண்டரை ஏக்கர் மானாவாரிக்குச் சொந்தக்காரரான பரசுராமன், தன் ஐம்பத்திரண்டு வயதுவரை செய்த ஒரே குற்றம் அதிகாரிக்கு மல்லாட்டை கொடுத்தது. மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. குற்றம் நடந்தது 1982-ம் வருடம், புரட்டாசி மாதம்.

அந்த வருடம் வானம் ஆடியில் ஒரு தூற்றல் போட்டு ஆசை காட்டியதோடு சரி. சாண் உயர மல்லாட்டைச் செடிகள் சருகாயின. பிடுங்கிப் பார்த்தால் வேரில் மண் இருந்தது, காய் இல்லை. வறட்சி நிவாரணம் வந்தால் வைக்கோல் வாங்கி இரண்டு எருதுகளையும் காப்பாற்றிவிடலாம். வராவிட்டால் கார்த்திகை தீபத்து மாட்டுச் சந்தைதான். எருது போனால் அடுத்த ஆடியில் ஏர் இழுக்கப் பரசுராமனும் அவர் மனைவி ஜோதியம்மாளும்தான் மிச்சம்.

பயிரைப் பார்வையிட ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வரும் நாளன்று விடிந்ததும் பரசுராமன் திருவண்ணாமலைக்குச் சைக்கிள் மிதித்தார். கிணற்றுப் பாசனத்தில் விளைந்த மல்லாட்டை இரண்டு படி வாங்கி வந்தார்.

“காஞ்ச கொல்லைய பாக்க வர்றவருக்கு மல்லாட்டையா? இன்னாய்யா, புத்தி கித்தி இருக்குதா?” என்றாள் ஜோதியம்மாள்.

“மல்லாட்டைக் கொல்லையில கால வெச்சவங்கள வெறும் வாயோட அனுப்பின வழக்கம் நம்ம வூட்ல இருக்குதா? அவிச்சு எடுத்துனு வா.”

இன்ஸ்பெக்டர் வந்து வேப்பமர நிழலில் நின்றார். வெயில் ஜாஸ்தி என்பதால் கொல்லைக்குள் இறங்கவில்லை. இறங்காமலே ஆராயும் பயிற்சி அவருக்கு இருந்தது. ஆவி பறக்க முறம் வந்தது. உரித்தார், தின்றார், மீதியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

“நல்ல திரட்சி!”

பரசுராமனுக்குப் பெருமை தாங்கவில்லை. விலைக்கு வாங்கியது என்று விருந்தாளியிடம் சொல்வது மரியாதை அல்ல, சொல்லவில்லை.

ஐப்பசியில் பட்டியல் வந்தது. ஒளிவுமறைவே கூடாது என்ற ஞானம் சர்க்காருக்கு அப்போதுதான் பிறந்திருந்தது. யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை, ஏன் இல்லை என்று சகலத்தையும் டைப் அடித்து நிவாரண ஆபீஸ் வாசலில் பலகையில் ஒட்டியிருந்தார்கள். நாற்பத்தோராவது பெயர் பரசுராமன். இல்லை. காரணம்: விளைச்சல் திருப்தி, நேரில் உண்டு சோதிக்கப்பட்டது.

“ஐயா, அது வெலைக்கு வாங்கினதுங்க” என்றார் கிளார்க்கிடம்.

“ரசீது இருக்குதா?”

“தரையில கொட்டி விக்கிற பொம்பளகிட்ட ரசீதுங்களா?”

“அப்ப நான் இன்னா பண்றது? நாங்க எதையும் மறைக்கலீங்க. எல்லாம் பலகையில இருக்குது. யார் வேணா படிச்சிக்கலாம்.”

யார் யாரோ படித்தார்கள். படித்தவர்களில் மாட்டுத் தரகர் கண்ணாயிரமும் ஒருவர்.

தீபத்துச் சந்தையில் கண்ணாயிரம் எருதுகளின் பல்லைப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார், திருப்தியானார். துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் பரசுராமனின் விரல்களைப் பிடித்து விலை பேசினார். ஊரறிய ஒட்டப்படாத அந்தக் கணக்கு நியாயமாகவே இருந்தது. பாதியில் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“மல்லாட்டை பரசுராமன் நீதானே? பலகையில பாத்தனே!”

“ஆமாங்க.”

“வெளைச்சல் அமோகமா இருக்கும்போது எவன்யா உழவு மாட்ட விப்பான்? மாட்டுல ஏதோ கோளாறு.”

“மாட்டுல ஒண்ணுமில்லீங்க. வெளைச்சல்தான் இல்ல.”

“சர்க்கார் ஒட்டினது பொய்னு சொல்றியா?”

சர்க்காரைப் பொய்யன் என்று சொல்லப் பரசுராமனுக்கு நாக்கு எழவில்லை. துண்டுக்கடியில் இரண்டு விரல்கள் குறைந்தன. அவர் தலையாட்டினார்.

மலைமேல் தீபம் ஏறியது. கூட்டமெல்லாம் கைகளைத் தலைக்குமேல் தூக்கியது, பரசுராமனும் தூக்கினார். கையில் இரண்டு கயிறுகள் இருந்தன. மாட்டை விற்பவன் கயிற்றைக் கொடுப்பதில்லை என்பதும் வழக்கம்தான்.

வீட்டில் ஜோதியம்மாள் கயிறுகளை வாங்கி ஆணியில் மாட்டினாள். பிறகு கேட்டாள்:

“மாட்ட வாங்கினவருக்குத் தின்ன இன்னா குடுத்தே?”

“டீயும் பன்னும்” என்றார் பரசுராமன்.