பதிவேட்டில் இறந்துபோன அம்மா

லேமினேஷன் போட்ட பிறப்புச் சான்றிதழைக் கையில் வாங்கியபோது அது சுட்ட அப்பளம் மாதிரி சூடாக இருந்தது. ஐம்பதைத் தாண்டியவனுக்கு இப்போது எதற்குப் பிறப்புச் சான்றிதழ் என்று கேட்பீர்கள். சிங்கப்பூரில் நர்சாக இருக்கும் மகளுக்குப் பிரசவம். நானும் மனைவியும் போகப் பாஸ்போர்ட் வேண்டும். என் வயதுக்காரர்களுக்குப் பள்ளிச் சான்றிதழே போதும். ஆனால் நான் ஒரு தாள் கேட்டால் மூன்று தாள் நீட்டுகிற ரகம். தாலுகா ஆபீசில் நாலு நடை நடந்து, பழைய பதிவேட்டைத் தூசி தட்ட வைத்து, இதையும் வாங்கி வந்திருந்தேன்.

சாத்தூர் இ-சேவை மையத்தில் கணினி முன்னால் இருந்த பெண் தாள்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"சார், அப்ளிகேஷன்ல அம்மா பேரு சீனியம்மாள்னு இருக்கு. இதுல குருவம்மாள்னு போட்டிருக்கே. எது சார் உங்க அம்மா?"

"ரெண்டும்தாம்மா. ஒண்ணு ஸ்டெப்னி."

அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். வெளியே வந்து ரொம்ப நேரம் செருப்பைத் தேடினேன். அது காலில்தான் கிடந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சூடான பிளாஸ்டிக் வாசனை கூடவே வந்தது. தாளில் வாசனை வந்தால் எனக்குச் சிவகாசி அச்சகம்தான் ஞாபகம் வரும். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஏழெட்டு வருடம் புரூப் பார்த்தேன். மையும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாசனை எத்தனை சோப்புப் போட்டாலும் சட்டையை விட்டுப் போகாது. காலண்டர் சீசன் ஓய்ந்தால் கல்யாணப் பத்திரிகை. அதில் பெற்றோர் பெயரை மட்டும் விரல் வைத்து மூன்று தடவை பார்ப்பேன். அதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், உயிரோடு இருந்த ஒரு தாத்தாவின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று விழுந்துவிட்டது. மறுநாளே அவர் நாரணாபுரத்திலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார்.

"ஏலே, எவம்லே என்னைக் கொன்னது?"

உட்கார வைத்து, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, அத்தனை பத்திரிகையிலும் அந்த ஒரு வார்த்தையைக் கையால் அடித்துக் கொடுத்தோம். அன்றிலிருந்து பெயர் விஷயத்தில் நான் புலி என்று எனக்கு நினைப்பு. என் கல்யாணப் பத்திரிகைக்கும் நான்தான் புரூப் பார்த்தேன். சீனியம்மாள் என்று இருந்தது. எழுத்தெல்லாம் சரி என்று டிக் அடித்தேன்.

அம்மாவிடம் நேரே கேட்டிருக்கலாம். வீட்டுக்குள்ளேதானே இருக்கிறாள், எழுபதைத் தாண்டியும் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு. கேட்கவில்லை. அதற்குப் பதில் மறுபடியும் தாலுகா ஆபீசுக்குப் போய், இறப்புப் பதிவேட்டைப் பார்க்க மனுப் போட்டேன். கிடைத்தது. குருவம்மாள், கணவர் பெயர் என்று என் அய்யாவின் பெயர், இறப்புக்குக் காரணம் பட்டாசுக் கம்பெனித் தீ விபத்து. நான் பிறந்து ஐம்பத்தெட்டாவது நாள்.

ஆக, கதை சுலபம். பெற்றவள் வெடி விபத்தில் போய்விட்டாள். கைப்பிள்ளையை வளர்க்க அவளுடைய தங்கை சீனியம்மாளை அய்யா கட்டிக்கொண்டார். எங்கள் பக்கம் எத்தனையோ வீட்டில் நடந்ததுதான். சித்தியையே அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்திருக்கிறேன், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியில் என் காதைப் பார்த்தேன். சாப்பிடும்போது அம்மாவின் காதைப் பார்த்தேன். சின்ன வயதில் அடி வாங்கியதையெல்லாம் வரிசையாக நினைத்து, இது பெற்றவள் அடியா, சித்தி அடியா என்று பிரித்துப் பார்த்தேன். அம்மா எனக்கு ஒரு வடை குறைத்து வைத்தால், சித்திதானே என்று தோன்றியது. சர்க்கரை இருப்பவனுக்கு வடையைக் குறைத்தது டாக்டர் என்பதுகூட அந்த நேரத்தில் மறந்துபோனது.

மனைவிதான் கடைசியில் கேட்டாள். "என்னங்க, பத்து நாளா அத்தை காதையே பாத்துக்கிட்டு இருக்கீக? கம்மல அடகு வைக்கப் போறீகளா?"

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "கேட்டுருங்க. இல்லைன்னா சும்மா இருங்க. ரெண்டுல ஒண்ணு செய்ங்க" என்றாள். நான் மூன்றாவதாக ஒன்றைச் செய்தேன். பயந்துகொண்டே இருந்தேன். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால், அடுத்த வேளை அவளை என்னவென்று கூப்பிடுவது?

பொங்கல் கழிந்தது. வீட்டில் கன்னி கும்பிட்டோம். கல்யாணமாகாமல் இறந்துபோன பெண்ணைக் கன்னியாக நினைத்து வருடத்துக்கு ஒரு தடவை புதுத்துணி வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தத் துணி ஒரு வருடம் பெட்டியில் இருக்கும். பிறகு வீட்டுப் பெண்பிள்ளை உடுத்திக்கொள்ளும். எங்கள் வீட்டுக் கன்னி யார் என்று நான் கேட்டதே இல்லை. சாமி என்றால் சாமி. எனக்குப் படையலில் வைக்கும் பணியாரத்தோடு மட்டும்தான் பழக்கம்.

அம்மா தகரப் பெட்டியைத் திறந்து, போன வருடத்துத் துணியை எடுத்து வைத்துவிட்டுப் புதியதை மடித்து வைத்தாள். பச்சைப் பாவாடை, மஞ்சள் தாவணி, ரெண்டு முழம் ரிப்பன், ஒரு டஜன் கண்ணாடி வளையல். சூடம் எரிந்துகொண்டிருந்தது. நான் அந்தத் தாவணியையே பார்த்துக்கொண்டு நின்றேன். தாலி கட்டிப் பிள்ளையும் பெற்று இறந்தவளுக்கு யாரும் தாவணி வைக்க மாட்டார்கள், சேலைதான் வைப்பார்கள்.

"இது யாருக்கும்மா?"

"கன்னிக்கு."

"எந்தக் கன்னிக்கு?"

அம்மா ரிப்பனைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தாள். நான் உள்ளே போய்ச் சான்றிதழை எடுத்து வந்து நீட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. "படி" என்றாள். படித்தேன்.

"அது நாந்தான்" என்றாள், யாரோ போட்டோவைக் காட்டிக் கேட்டதுபோல.

பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "நான் பச்ச உடம்புக்காரி. நீ ரெண்டு மாசப் பிள்ளை. சீசன் நேரத்துல நம்ம பேருக்கு ஆள் போகலைன்னா வேற ஆளப் போட்டுருவாக. என் பேருக்கு என் தங்கச்சி சீனி போனா. சரவெடி பின்னுத வேலை. பதினேழு வயசு அவளுக்கு. ரிப்பன் கெட்டிக்கிட்டுப் போனா."

சூடம் அணைந்துவிட்டது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"கம்பெனிப் பேரேட்டுல என் பேரு. செத்தது குருவம்மான்னு எழுதிட்டாக. கம்பெனி ஆளுக வந்து, பேரு இல்லாத பிள்ளை உள்ள இருந்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா லைசென்ஸ் போயிரும், ஊருக்கே சோறு இருக்காதுன்னாக. உங்கய்யா கைநாட்டு வச்சாரு. எனக்கு முன்னாலதாம்லே வச்சாரு. அப்புறம் செத்தவளுக்கு யாரு ரேசன் கார்டு குடுப்பா? உன்னையத் தூக்கிக்கிட்டு இந்த ஊருக்கு வந்தோம். அவ பேரக் குடுத்தேன்."

இத்தனை நாளாக நான் பயந்தது எனக்காக. அவள் எனக்குத் தாய்தான் என்று தெரிந்ததும் மனசுக்குள் ஒரு சந்தோஷம் துள்ளியது. பதினேழு வயதுப் பெண்ணின் தாவணிக்கு முன்னால் நின்றுகொண்டு அப்படிச் சந்தோஷப்பட்டதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன், அப்போதும் உளறினேன். "வக்கீல் இருக்காரும்மா. கோர்ட்ல மனுப் போட்டு உன் பேரத் திருப்பி வாங்கிருவோம்."

"வாங்கி?"

"நீ குருவம்மாவா இருக்கலாம்ல."

அம்மா பெட்டியை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அவளுக்குன்னு போட்டோ இருக்கா? புருசன் பிள்ளை இருக்கா? அந்தப் பேரு ஒண்ணுதான் இருக்கு. அம்பது வருசமா சீனியம்மான்னு எவுக கூப்பிட்டாலும் நான் 'என்ன'ன்னு கேக்கேன். நாளைக்கு நான் கேக்கலைன்னா யாருய்யா கேப்பா?"

பள்ளிச் சான்றிதழை மட்டும் கொடுத்தேன். சீனியம்மாள் மகனாகவே பாஸ்போர்ட் வந்தது. சிங்கப்பூர் போய்ப் பேத்தியைத் தூக்கிவிட்டு வந்தோம்.

அந்தக் கம்பெனி இருந்த இடத்தை ஒருநாள் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். கலர் அடித்த கல் ஊன்றி மனை போட்டிருக்கிறார்கள். நான் வேலை பார்த்த அச்சகத்தில் இப்போது புரூப் பார்க்க ஆளே கிடையாது, எல்லாம் போனிலேயே அனுப்பிச் சரி பார்த்துவிடுகிறார்கள். கைநாட்டு வாங்கியவர்கள் யாரும் இல்லை. வைத்த அய்யாவும் இல்லை. தனியாக இருக்கும்போதாவது அய்யா பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாரா என்று அம்மாவிடம் கேட்டேன். "அவரு 'ஏளா'ன்னுதான் கூப்பிடுவாரு. பேரச் சொன்னா அழுதுருவோம்னு பயம்" என்றாள்.

போன வாரம் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். நான் பின்னால் நின்றேன். பெற்ற தாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை இல்லைதான். ஆனாலும் ஒரு தடவையாவது அந்தப் பெயர் அந்த வீட்டுக்குள் ஒலிக்கட்டும் என்று தோன்றியது.

"குருவம்மா" என்றேன்.

கீரை உருவிக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் சத்தமாக இன்னொரு தடவை கூப்பிட்டேன். தலையைத் தூக்கித் தெருவாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கே ஒருவரும் இல்லை.

"யாரலே கூப்பிடுத?" என்றாள்.