ஹனோக் தலையாட்டிய வாரம்

கெட்ஸலுக்கு வயது பதினாறு. இஸ்ரேலின் பினேய் பிராக் நகரில் அவன் தங்கிப் படித்த யூத வேதபாடசாலையில் பாடம் என்றால், இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து, யூதச் சட்டநூலான தால்முத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, கத்தி வாதாடுவது. கெட்ஸல் மேசையையும் குத்துவான். அவனுக்கு ஜோடி கிடைப்பது குதிரைக்கொம்பு. சேர்ந்தவர்கள் எல்லாம் தலைவலி என்று ஓடிப்போக, நிலைத்தவன் ஹனோக் ஒருவன்தான். "மூளைய ஊறுகாய் போட்டு வச்சிருக்கியாடா?" என்று மெதுவாகக் கேட்டே கெட்ஸலை அடக்கிவிடுவான்.

அப்படிப்பட்டவன் ஒரு வாரமாக எதைச் சொன்னாலும், "நீ சொல்றதுதான் சரி" என்றான்.

கெட்ஸலுக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டதாகச் சாப்பாட்டுக் கூடமெங்கும் பீற்றித் திரிந்தான். வெள்ளிக்கிழமை, ஏதோ உறுத்தவே, வேண்டுமென்றே உளறிப் பார்த்தான்: மாடு சுவரை முட்டினால் தண்டனை சுவருக்குத்தான். ஹனோக் அதற்கும் தலையாட்டினான். வாதமே வேண்டாம் என்றானவனுக்கு இனி எதுவுமே வேண்டாமோ என்று கெட்ஸலுக்குத் தோன்றியது.

மறுநாள் சப்பாத், போனையோ வண்டியையோ யாரும் தொடக்கூடாத ஓய்வுநாள். பிரார்த்தனை முடிந்து எல்லாரும் சாப்பிட ஓட, ஹனோக் மட்டும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். பக்குவமாகப் பேச கெட்ஸலுக்கு வராது.

"டேய், சாகணும்னு நெனக்கிறியா?"

ஹனோக் அவனையே பார்த்தான். "ஆமா. இன்னிக்கே."

கெட்ஸல் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பீன்ஸும் கறியுமாக வாய் நிறைய வைத்திருந்த கண்காணிப்பாளரான மதகுரு ரபி ஃபைவெல் முன்னால் நிறுத்தினான். விஷயத்தைக் கேட்டதும் அவர் மென்றதை விழுங்கினார். எழுந்து போய், சப்பாத்தும் அதுவுமாக, போனை எடுத்து டாக்ஸியைக் கூப்பிட்டார். கூடத்தில் பையன்கள் வாயிலிருந்து பீன்ஸ் உதிர்ந்தது.

தெருமுனையில், சப்பாத்தில் வண்டி போகாதபடி போட்ட தடுப்பு. கறுப்புத் தொப்பி போட்ட பக்தர்கள் வண்டியைச் சூழ்ந்தார்கள். "சப்பாத்! சப்பாத்!"

ரபி தலையை வெளியே நீட்டினார். "உயிர் போற விஷயம்யா!"

கத்தியவர்களே தடுப்பை இழுத்தார்கள். "வலப்பக்கம் போங்க ரபி!"

"வலப்பக்கம் போனா நாளைக்குத்தான் போய்ச் சேருவாங்க. நீ சும்மா இருய்யா!" என்று அவர்களில் இன்னொருவர் அதட்டினார்.

பின்சீட்டில் ஹனோக் பக்கத்திலிருந்த கெட்ஸலிடம் முணுமுணுத்தான். "என் ஒருத்தனுக்காக சப்பாத்தை மீறறது தப்பு."

"ஒரே ஒருத்தன் இடிபாட்டுல கெடந்தாலும் சப்பாத்துலயே தோண்டணும்னு சட்டம் இருக்கே?"

"அது வேற. இடிபாட்டுல கெடக்கறவன் வெளிய வரணும்னு நெனப்பான்."

"அப்படி நெனச்சாத்தான் தோண்டணும்னு எங்கடா போட்டிருக்கு? காட்டு!"

ஹனோக் யோசித்தான். அப்படி எங்கும் போட்டிருக்கவில்லை.

"ஊறுகாய் மூளை," என்றான்.

கெட்ஸல் ஓவென்று அழ ஆரம்பித்தான். ஆஸ்பத்திரி வரை நிறுத்தவில்லை. வாசலுக்கு வந்த டாக்டரம்மா மூன்று பேரையும் பார்த்துவிட்டு, அழுகிறவன் தோளில் கைவைத்தார். "வாப்பா, உள்ள போகலாம்."

"அவன் எப்பவும் இப்படித்தான் டாக்டர்," என்றான் ஹனோக். "வர வேண்டியவன் நான்."