வாசல் இல்லாத பூக்கடை

இந்த மலாய் நாட்டு மலையூரில் என் கடையைத் திறக்க, தினமும் காலையில் நான் இன்னொருவர் கடைக்குப் போகவேண்டியிருக்கிறது. ரிங்லெட் கடைத்தெருவில், தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் சீன முதலாளியின் மளிகைக்கடை. அங்கே கருவாட்டு மூட்டைக்கும் மண்ணெண்ணெய் டின்னுக்கும் நடுவே ஒரு கறுப்புத் தொலைபேசி. அதுதான் என் கடை. பலகை இல்லை, கல்லா இல்லை, வாசலும் இல்லை. மலைக்குக் கீழே தாப்பா பக்கமிருந்து யாராவது கூப்பிட்டு மாலை கேட்பார்கள். என் மனைவி பாக்கியம் கட்டுவாள். பஸ் கண்டக்டர் கொண்டுபோய்க் கொடுப்பார். துறையூரில் பெட்டிக்கடை வைத்திருந்த அப்பாவுக்கு இதை விளக்கி எழுதினேன். "வாசல் எந்தத் திசை?" என்று மட்டும் கேட்டுப் பதில் போட்டார். வாசலே இல்லை என்று எழுதினேன். குளிரில் எனக்கு மூளை கலங்கிவிட்டதாக அம்மாவிடம் சொன்னாராம்.

விளையாட்டுக்கு ஆரம்பித்த கடை அல்ல. எழுபதுகளில், குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு வேலைப் பர்மிட் வேண்டும் என்றார்கள். எனக்குக் கிடைக்கவில்லை, தேயிலைத் தோட்டத்தில் என் பெயரை வெட்டினார்கள். சொந்தத் தொழில் ஓடினால் இங்கே, இல்லாவிட்டால் துறையூருக்குத் திரும்பக் கப்பல். பாக்கியம் இங்கேயே பிறந்தவள். "அந்த ஊர்ல போயி நான் யாரு மூஞ்சியப் பாக்குறது? நீங்க வேணா போங்கலா" என்று சொல்லிவிட்டாள். அவள் அண்ணன் லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் செவ்வந்தி பயிர் போட்டிருந்தார். பூ அவருடையது, கை இவளுடையது, வாய் என்னுடையது. எங்களுக்கு எட்டிய ஒரே போன் தவுக்கேயுடையது.

கீழே கோயில்களில் போன் நம்பரோடு நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. திறப்புப் பூசை வேண்டுமே! அப்பா கடை திறந்தபோது நிலையில் சந்தனம், கதவில் எலுமிச்சம்பழம், வாசலில் பூசணிக்காய். இங்கே எதில் பூசுவது, எங்கே உடைப்பது? தவுக்கே பின்கட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, தொலைபேசிக்கே சந்தனம், குங்குமம் வைத்தோம். வெள்ளையும் மஞ்சளுமாய்ச் செவ்வந்தி மாலை போட்டுச் சூடம் காட்டினோம். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது.

"சியாப்பா மாத்தி?" என்று பின்னாலிருந்து ஒரு கத்தல். யார் செத்தது என்று மலாயில் கேட்கிறார் தவுக்கே.

"தாடா மாத்தி, தவுக்கே. புக்கா கெடாய்!" யாரும் சாகவில்லை, கடை திறப்பு என்று பல்லைக் காட்டினேன்.

சீனர்களுக்குச் செவ்வந்தி சாவு வீட்டுப் பூ என்பது, மலையேறி இத்தனை வருஷமாகியும் என் மண்டையில் ஏறியிருக்கவில்லை. அவர் போனுக்கு நாங்கள் கருமாதி செய்துகொண்டிருந்தோம். இனி இந்தப் பக்கமே வராதே என்று அவர் துடைப்பத்தைத் தேடும்போது மணி அடித்தது. மாலை போட்ட போனைத் தொட அவருக்குத் துணிச்சல் இல்லை. நான் எடுத்தேன்.

"பூக்கடையாண்ணே? பீடோர்லேருந்து பேசுறேன். எங்க சின்னையா தவறிட்டாரு. நாலு மாலை அவசரமா வேணும்லா."

முதல் போணியே சாவுக்கு. ஆனால் அப்பா ஒருநாளும் முதல் போணியைத் திருப்பி அனுப்பியதில்லை. பாக்கியத்தைப் பார்த்தேன். "கட்டிரலாம், சரின்னு சொல்லுங்க" என்றாள். என்ன விஷயம் என்று தவுக்கே கேட்டார். சொன்னேன். போனையே கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தவர், வயிறு குலுங்கச் சிரித்தார். யார் செத்தது என்று தான் கேட்டது பலித்ததில் அவருக்குக் கோபமே போய்விட்டது. ஒரே நிபந்தனை: இனி போன் பக்கம் பூ வரக்கூடாது.

கடை பிடித்துக்கொண்டது. கல்யாண வீட்டுக்காரர்கள் மாலைக்குப் பேரம் பேசியே கழுத்தை அறுப்பார்கள். சாவு வீட்டில் யாரும் பேரம் பேசுவதில்லை. கண்டவன் வீட்டு இழவுதான் நம்மை இங்கே குடிவைத்தது என்பாள் பாக்கியம்.

இந்தத் தை மாதம் ஒரு காலையில் நான் உள்ளே நுழைந்ததும் தவுக்கே ரிசீவரை நீட்டினார். தந்தி ஆபீஸிலிருந்து. அப்பா போய்விட்டார், முந்தின நாளே எடுத்துவிட்டார்கள். என் காலடியில் ஈப்போ கல்யாணத்துக்குப் போகவேண்டிய பூக்கூடை. எவனெவன் அப்பனுக்கெல்லாமோ மாலை அனுப்பியவன் நான். துறையூருக்கு இங்கிருந்து பஸ் இல்லை. கருவாட்டு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன்.

தவுக்கே என் பக்கத்தில் வந்து குனிந்தார். கூடையில் உதிரியாகக் கிடந்த ஒரு வெள்ளைச் செவ்வந்தியை எடுத்து, தன் கையாலேயே தொலைபேசியின்மேல் வைத்தார்.

சற்று நேரத்தில் மணி அடித்தது. அன்றைய முதல் போணி. பூ விழாமல் ரிசீவரைத் தூக்க வழியில்லை. ஒரு கையால் பூவைப் பிடித்துக்கொண்டு மறுகையால் எடுத்தேன்.

"பூக்கடை" என்றேன்.