தூதரிடம் இனியா அக்கா கேட்டது

பெருந்துறை தொழிற்பேட்டையில் தையல் வேலை செய்யும் என் பெரியம்மா மகள் இனியாவுக்கு ஈரான்காரர் ஒருவரின் வாழ்க்கை மனப்பாடம். பெஹ்ரூஸ் தெஹ்நவி என்று பெயர். பிஸ்தா தோப்பில் கூலிவேலை செய்தவரின் மகன். சட்டம் படித்துத் தூதரகப் பணியில் சேர்ந்து பல நாடுகள் சுற்றினார். ஒருமுறை தங்கள் நாட்டு நாடாளுமன்றத் தேர்தலில் ஜெயித்தார், அடுத்த முறை தோற்றார், மறுபடி தூதரக வேலைக்கே வந்தார். இந்தியாவில் துணைத் தூதராக இருந்தவர், அந்த மாதக் கடைசியில் அதையும் விட்டுவிட்டுத் தேர்தலில் நிற்கப்போவதாகச் செய்தி.

அக்கா இதையெல்லாம் கைப்பேசியில் தேடிப் படித்தது சாமுவேல் மாமாவுக்காக. அவள் வீட்டுக்காரரான அவருக்கு சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலை. கப்பல் முதலாளி மேல் ஏதோ வழக்கு என்று ஈரான் துறைமுகம் ஒன்றில் கப்பலை நிறுத்திவிட்டார்கள். ஆட்களும் இறங்க முடியாது. எட்டு மாதமாயிற்று. குடிக்கும் தண்ணீரை அளந்து தருகிறார்கள் என்று மாமா போனில் சொன்னார்.

அக்கா போகாத அலுவலகம் இல்லை. ஆனால் எங்கேயும் ஒழுங்காகக் கேட்டதில்லை. வந்த காரியத்தை எடுத்தவுடன் சொல்வது எங்கள் பக்கத்தில் மரியாதையாகாது. தாகமாக இருந்தாலும் முதலில் காப்பி வேண்டாம் என்போம்; வீட்டுக்காரர்கள் வற்புறுத்தித் தருவார்கள். அதிகாரிகள் வற்புறுத்துவதில்லை. "உங்களுக்கெதுக்குங்க சிரமம்" என்பாள் அக்கா. அவர்கள் அதை அப்படியே நம்பி அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

கோவை அவிநாசி ரோட்டில் ஒரு ஓட்டலில் வியாபாரிகள் கூட்டத்துக்கு தெஹ்நவி வந்தார். அக்காவின் மேனேஜர் மோகன்குமார் எங்களை உள்ளே அழைத்துப்போக ஏற்பாடு செய்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். இங்கிலீஷுக்காக அக்கா என்னைக் கூட்டிப்போனாள்.

"நாஞ் சொல்றத அப்படியே சொல்லோணும் அம்மணி. சேத்தியும் சொல்லாத, கொறச்சும் சொல்லாத."

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது மோகன்குமார் எங்களை அறிமுகம் செய்தார். என்ன உதவி வேண்டும் என்று தெஹ்நவி கேட்டார். பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிப்பார்த்துக்கொண்டு வந்த அக்கா, "சாப்டீங்களாங்க?" என்றாள். அவர் சிரித்துவிட்டு மறுபடியும் கேட்டார்.

"பரவாயில்லீங்க. உங்களுக்கெதுக்குங்க சிரமம்."

நானே விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். இரண்டு வாக்கியம்தான். ஆனால் அவளுக்குப் பதிலாகப் பேச எனக்கு என்ன உரிமை? அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். அது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை.

மோகன்குமார் என்னை முறைத்தார். தெஹ்நவி நகரவில்லை. நாற்காலியை இழுத்து அக்காவை உட்காரவைத்தார். தங்கள் ஊரிலும் முதலில் சொல்லும் 'வேண்டாம்' செல்லாது என்றார். ஓட்டுக் கேட்டுப் போகும் வீடுகளில் குறையே இல்லை என்பார்களாம். மூன்றாவது தடவை கேட்டால்தான் கிணறு வற்றிய கதை வெளியே வருமாம். சொல்லிவிட்டு, மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

"எங்கூட்டுக்காரர அந்தக் கப்பல்ல இருந்து எறக்கியுடோணுங்க."

கப்பல் பெயரைக் கேட்டு உதவியாளரிடம் சொன்னார். ஊருக்குப் போனதும் விசாரிப்பதாகச் சொன்னார். உதவியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா எழுந்திருக்கவில்லை.

"இல்லீங்க. மாசக் கடசில நீங்க போயிருவீங்க. இப்பவே போன் பண்ணுங்க. நான் உக்காந்துக்கறேன்."

ஒரு சொல்லைக்கூட மென்மையாக்காமல் சொன்னேன். அவர் போனை எடுத்துத் தன் மொழியில் பேசினார். நடுவில் ஒருமுறை குரல் உயர்ந்தது. கப்பலை ஆளில்லாமல் விட முடியாதாம். மாற்று ஆட்கள் வந்தால் சிலரை இறக்கலாமாம். உறுதி சொல்ல முடியாது, வியாழக்கிழமை தெரியும் என்றார்.

"வியாழக்கிழம எத்தன மணிக்குங்க?"

அவர் வாய்விட்டுச் சிரித்து, தன் நம்பரையே கொடுத்தார்.

வியாழக்கிழமை ஒன்றும் தெரியவில்லை. அக்கா போன் செய்தாள். வெள்ளிக்கிழமையும் செய்தாள். அடுத்த மாதம் நான்கு பேரை இறக்கினார்கள், அதில் மாமாவும் ஒருவர். கோவை விமான நிலையத்தில் அவரைப் பார்த்தபோது சட்டை தோளில் நிற்கவில்லை.

அதே வாரம் தெஹ்நவி தேர்தலில் தோற்றார். வருத்தம் தெரிவித்து எழுதச் சொல்லி அக்கா கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். எழுதினேன்.

"இன்னும் ஒம்பது பேரு கப்பல்ல இருக்கறாங்க, அதையும் எழுது" என்றாள்.

தோற்ற மனிதரிடம் இப்போது போய்க் கேட்பதா என்றேன்.

"தோத்தா என்ன அம்மணி? அங்க அவருக்கு ஆளத் தெரியுமில்ல. எழுது."